இலையுதிர்ந்த தோட்டத்தில் படமெடுக்க என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான். கோடை முழுக்க வீட்டுத் தோட்டத்தில் பறவை, பூச்சி, பூ என்று படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் குளிர் வந்ததும் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிட்டதாம். பறவைப் படங்கள் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகின்றன. உறைபனி படிந்த வெள்ளைக் காலையை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வருகிறது. பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. காய்ந்த தண்டுகளையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, வசந்தம் வரும்வரை கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

வைக்க வேண்டாம். தண்டுகளையும் வெட்ட வேண்டாம். தண்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

குளிர்காலத்தில் தோட்டத்தில் உயிர்கள் குறைவுதான். ஆனால் இருக்கிற உயிர்களின் முகவரி நமக்குத் தெரியும். கோடையில் ஒரு பறவைக்குத் தோட்டம் முழுக்கச் சாப்பாடு கிடைக்கிறது. எங்கே வந்து உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது. குளிரில் அதற்குப் பழம் தொங்கும் ஒரு புதர், தீவனத் தட்டு, உறையாத தண்ணீர் என்று இரண்டு மூன்று இடங்கள்தான். பூச்சியும் அப்படியே: பறந்து ஓடாது, ஒளிந்த இடத்திலேயே மாதக்கணக்கில் இருக்கும். அதனால் கோடையில் பழகியதுபோல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தேடி அலைவது இப்போது சரிப்படாது. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், பின்னணியை ஒழுங்கு செய்யுங்கள், பிறகு உட்காருங்கள். உயிர் தானாக வரும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் இரண்டு பிரச்சினைகளும் அங்கேதான் இருக்கின்றன.

வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 16, 17 டிகிரி உயரத்துக்குமேல் போகாது. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. இரண்டு முஷ்டி உயரத்துக்குக்கூட வராத சூரியன் அது. இதே இடத்தில் கோடை உச்சியில் 63 டிகிரி ஏறும். படமெடுக்கிறவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. கோடையில் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டுமென்றால் விடியலில் எழுந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மதியம் 12 மணிக்கே அந்தச் சாய்ந்த, மஞ்சள் கலந்த வெளிச்சம் கிடைக்கிறது. ஒரு நாள் தோட்டத்தில் எந்த மூலைக்கு எத்தனை மணிக்கு வெயில் வருகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். வீட்டுச் சுவரின் நிழல் பாதித் தோட்டத்தை நாள் முழுக்க மூடியிருக்கும். நீங்கள் தீவனத் தட்டைக் கோடையில் மாட்டிய இடத்திலேயே விட்டிருந்தால், அது இப்போது பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். கலங்கல் படத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

மீதிக் காரணம் ஐஎஸ்ஓ பயம். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்ற எண். ஒரு கணக்குப் பாருங்கள். மேகம் மூடிய மந்தமான பிற்பகலில், எஃப் 5.6 அப்பர்ச்சரில் (லென்ஸின் துளை அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்), ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடி என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பறவை தலையைத் திருப்பும் வேகத்துக்கு 1/30 எந்த மூலைக்கு? கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கே குறைந்தது 1/500 வேண்டும். இறங்கும்போதும் எழும்போதும் பிடிக்க 1/2000 வேண்டும். அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 வைத்தால் 1/1000 கிடைத்துவிடும். புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து ஐஎஸ்ஓ 400-இல் நிறுத்திக்கொள்கிறவர்கள் கையில் கிடைப்பது, புள்ளியில்லாத கலங்கல் படம். புள்ளியைக் கணினியில் குறைக்கலாம். அசைந்துபோன கண்ணைச் சரிசெய்ய வழியில்லை. இன்னொன்று: ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தைத் தூக்கினால் அந்தப் புள்ளிகள் இன்னும் அசிங்கமாக வரும். எடுக்கும்போதே போதுமான வெளிச்சத்தில் எடுங்கள், ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். குளிர்காலத்துக்கு மட்டுமாவது பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். அது வெளிச்சத்தில் பாதிக்குமேல் தின்றுவிடும்.

வெள்ளை சாம்பலாவது கேமராவின் கோளாறு இல்லை. எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளக்கும்படிதான் கேமராவின் ஒளிமானியைச் செய்திருக்கிறார்கள். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது குறைத்துவிடும். நீங்கள்தான் திருத்த வேண்டும்: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற வெளிச்சத் திருத்தத்தை உறைபனிக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு), தரை முழுக்கப் பனி மூடியிருந்தால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப்வரை கூட்டுங்கள். கூட்டியபின் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம், வலது ஓரத்தை நெருங்க வேண்டும், ஓரத்தில் முட்டி ஏறக்கூடாது. வெண்பனியில் உட்கார்ந்த கறுப்புப் பறவை என்றால் சங்கடம்தான்; அங்கே நான் பனியைக் காப்பாற்றுவேன், பறவையின் இறகில் கொஞ்சம் இருட்டு இருந்தால் பரவாயில்லை. நிழலில் கிடக்கும் பனி நீலமாக வரும், அதற்கு வானம்தான் காரணம். அந்த நீலத்தை முழுக்கத் துடைத்துவிடுகிறார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதமில்லை. கொஞ்சம் நீலம் இருந்தால்தான் படத்தில் குளிர் தெரியும்.

இனி பறவை. தீவனத் தட்டிலேயே வைத்துப் படமெடுத்தால், படத்தில் பிளாஸ்டிக் குழாயும் கம்பியும்தான் முக்கியமாகத் தெரியும். தட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு கிளையைக் கட்டுங்கள். பாசியும் மரப்பாசியும் படர்ந்த பழைய கிளையாக இருந்தால் நல்லது. கூட்டம் கூடும்போது பறவைகள் அந்தக் கிளையில் வரிசையில் நிற்பதுபோல் உட்கார்ந்து, இடம் கிடைத்ததும் தட்டுக்குத் தாவும். கிளையைக் கேமராவுக்குக் குறுக்காக வையுங்கள்; கேமராவை நோக்கி நீண்டிருந்தால் பாதிப் பறவை ஃபோகஸுக்கு வெளியே போகும். கிளைக்குப் பின்னால் பத்து மீட்டருக்காவது வேறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலை கொட்டிய மரங்களின் சுள்ளிகள் பக்கத்தில் இருந்தால் பின்னணி முள்வேலி மாதிரி ஆகிவிடும். பச்சை மாறாத ஒரு வேலிச்செடி தூரத்தில் இருந்தால் அதைவிட நல்ல திரை கிடையாது. வெள்ளை வானத்தைப் பின்னணியாக்கவே ஆக்காதீர்கள். கேமராவும் பறவையின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

தட்டு, பூனை பதுங்க முடியாதபடி அடர்ந்த புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஆனால் பருந்து வந்தால் ஓடி ஒளியக்கூடிய தூரத்தில் அந்தப் புதர் இருக்கட்டும். உப்பில்லாத கடலை, சூரியகாந்தி விதை போதும். தட்டைச் சுத்தமாகக் கழுவிக் காயவைப்பது முக்கியம். எச்சம் படிந்த தட்டிலிருந்து ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பரவி ஐரோப்பாவில் க்ரீன்ஃபிஞ்ச் பறவைகள் ஏராளமாகச் செத்திருக்கின்றன. தண்ணீர் உறையும் நாட்களில் காலையில் ஒரு ஆழமில்லாத தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். தீவனத்துக்கு வராத பறவைகளும் தண்ணீருக்கு வரும். உறையாமலிருக்க உப்பு, மருந்து எதுவும் கலக்கக்கூடாது.

தீவனம் வைக்க மனமில்லை என்றால் பழப்புதர் இருக்கிறதே. மிசில் த்ரஷ் என்ற பறவை குளிர்காலத்தில் ஒரு பழமரத்தைத் தனதென்று எடுத்துக்கொண்டு, மற்ற பறவைகளை அண்டவிடாமல் விரட்டும். ஐரோப்பிய ராபினும் குளிர்காலத்தில் தன் எல்லையைக் காக்கும். ஆண், பெண் இரண்டும் தனித்தனி எல்லை வைத்துக்கொண்டு பாடும். படமெடுக்கிறவருக்கு இந்தச் சண்டைக்காரர்கள்தான் நண்பர்கள். எத்தனை முறை எழுந்து போனாலும் அதே கிளைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

கடுங்குளிரில் ஒரு சின்னப் பறவையை அருகிலிருந்து பாருங்கள். கழுத்தே இல்லாமல் உருண்டையாக, தென்னங்குரும்பைக்கு அலகு வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். இறகுகளைத் தூக்கி நடுவே காற்றைச் சிறைபிடித்துப் போர்வையாக்கிக்கொள்கிறது. ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகியிருக்கும். காற்றடித்தால் மார்பு இறகு பிரிந்து அடியில் சாம்பல் நிறப் பஞ்சு தெரியும். பிறகு சட்டென்று ஒரு சிலிர்ப்பு. உருண்டை மறைந்து ஒல்லிப் பறவை வெளியே வரும், பறந்துவிடும். அந்தச் சிலிர்ப்பைப் பார்த்ததும் ஷட்டரை அழுத்தப் பழகுங்கள், பறக்கும் படம் கிடைக்கும்.

அந்த உருண்டைக்குப் பின்னால் ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது. வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடீ என்ற சின்னப் பறவை பகலில் தேடித் தின்று சேர்த்த கொழுப்பை ஒரே இரவில் எரித்துத் தீர்க்கிறது. அதுவும் போதாமல், இரவில் உடல் வெப்பத்தைச் சுமார் 42 டிகிரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கிக்கொள்கிறது. ஆகவே விடிந்தவுடன் ஒரு மணி நேரமும், இருட்டுவதற்குமுன் ஒரு மணி நேரமும் பறவைக்குச் சாப்பாட்டு நேரம். காலையில் பசியில் நிறைய வரும், படமும் நிறைய கிடைக்கும். ஆனால் அந்தி நேரத்தில் தட்டுப் பக்கம் போய் நின்று அவற்றை விரட்டிவிடாதீர்கள். ஒரு படத்துக்காக ஒரு பறவை வெறும் வயிற்றோடு உறைபனி இரவுக்குள் போக வேண்டாம். மறைவிடத்தில் உட்காருவதானால் தீவனத்துக்குப் பறவைகள் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

மறைவிடம் என்றதும் ஒரு விஷயம். 1890-களில் பறவைகளைப் படமெடுத்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பாடம்செய்த மாட்டுத் தோலுக்குள் புகுந்துகொண்டு உட்கார்ந்த கதை பிரசித்தம். நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். நம் வீடே மறைவிடம். வீட்டுக்குள் நடமாடும் மனிதர்களுக்குப் பறவைகள் பழகியிருக்கும்.

ஆனால் ஜன்னலில்தான் நான் வசமாகச் சிக்கினேன். கண்ணாடி வழியே எடுத்தால் தெளிவு குறையும் என்று எண்ணி, ஒரு குளிர்காலம் முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்தேன். எல்லாப் படத்திலும் இறகுகள் நீருக்கடியில் இருப்பதுபோல் குழைந்து வந்தன. ட்ரைபாட் சரி, ஷட்டர் வேகம் சரி. லென்ஸில் கோளாறு என்று பழுது பார்க்குமிடத்தில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, ஒரு குறையும் இல்லை என்று கட்டணத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். குறை என்னிடம்தான் இருந்தது. அறையின் சூடான காற்று திறந்த ஜன்னல் வழியே வெளியே பாய்ந்து குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. கோடையில் தார்ச்சாலைமேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கானல் லென்ஸுக்கு முன்னாலேயே நெளிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறப்பதென்றால் அந்த அறையின் ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்பே அணைத்து, கதவைச் சாத்தி, அறையும் வெளியும் ஒரே குளிருக்கு வந்தபின் எடுக்க வேண்டும். முடியாதென்றால் ஜன்னலை மூடிவைத்துக் கண்ணாடி வழியே எடுப்பதே மேல். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நேராக வையுங்கள். சாய்த்துப் பிடித்தால், அதிலும் இரட்டைக் கண்ணாடி என்றால், பறவைக்கு நிழல்போல் இன்னொரு விளிம்பு வந்துவிடும். அறை விளக்கை அணையுங்கள், லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி போடுங்கள். சூடான லென்ஸை நேராக வெளியே கொண்டுபோனாலும் இதே குழைவு கொஞ்சம் வரும். அரை மணி நேரம் வெளியே ஆறவிட்டு எடுங்கள்.

ஜன்னல் பக்கம் தட்டு வைக்கிறவர்கள் கவனிக்க: கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். நடுத்தூரத்தில் இருந்தால், பயந்து எழும் பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதிச் சாகும்.

பூச்சியே இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, நீங்கள் பார்க்கும் உயரத்தில் இல்லை, அவ்வளவுதான். பூச்சிகள் குளிர்காலத்தை முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக, முழு வளர்ந்த பூச்சியாக என்று எந்த நிலையிலும் கழிக்கலாம். எந்த நிலை என்பது இனத்தைப் பொறுத்தது. ஏழு புள்ளிப் பொறிவண்டு வளர்ந்த வண்டாகவே காய்ந்த விதைத்தலைகளிலும் மரப்பட்டை இடுக்கிலும் கும்பலாக ஒண்டிக்கொள்கிறது. பிரிம்ஸ்டோன் என்ற மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஐவிக் கொடியின் இலைகளுக்கடியில் இன்னொரு இலைபோல் தொங்கும். பீகாக் வண்ணத்துப்பூச்சி கொட்டகையின் இருட்டு மூலையில் இறக்கையை மூடிக் கரித்துண்டுபோல் ஒட்டியிருக்கும். பச்சை லேஸ்விங் என்ற பூச்சியில் ஓர் இனம் குளிர்காலத்துக்காகப் பழுப்பாக நிறம் மாறிவிடும். கோடையில் எடுத்த பச்சைப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பூச்சி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

குளிரில்தான் வெளியே வரும் ஆசாமிகளும் உண்டு. விண்டர் மாத் என்ற அந்துப்பூச்சி ஐரோப்பாவில் நவம்பர், டிசம்பர் இரவுகளில் நடமாடும். ஆண் பறக்கும். பெண்ணுக்கு இறக்கை என்று பெயருக்குச் சில துணுக்குகள்தான். சிலந்திபோல் மரத்தண்டில் ஏறிக்கொண்டிருக்கும். டார்ச்சோடு ஒரு பழமரத்தைச் சுற்றி வந்தால் போதும். வெயிலடிக்கும் குளிர்காலப் பிற்பகலில் கொசுபோல் ஒரு கூட்டம் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது விண்டர் நாட் என்ற பூச்சி, கடிக்காது. சூரியன் அவற்றுக்குப் பின்னால், இருண்ட வேலி அதற்கும் பின்னால் இருக்கும்படி நின்று, ஃபோகஸைக் கையால் ஒரு தூரத்தில் நிறுத்தி, 1/1000-இல் வரிசையாகச் சுட்டுத்தள்ளுங்கள். நூற்றில் மூன்று தேறும். அந்த மூன்றும் பொன்துகள் பறப்பதுபோல் இருக்கும்.

பனி மூடிய தரையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பாகத் தெரிந்து, கிட்டே போனால் துள்ளுகிறதா? அவை ஸ்பிரிங்டெயில்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வயிற்றுக்கடியில் மடக்கிய ஒரு வாலைத் தட்டித் துள்ளும். இவற்றுக்குச் சின்னப் பொருட்களை எடுக்கும் சாதாரண மேக்ரோ லென்ஸின் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம் (பொருளின் அளவிலேயே சென்சாரில் விழுவது) போதாது, லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் சேர்க்க வேண்டும். அங்கே ஃபோகஸ் ஆழம் எவ்வளவு குறுகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப் 8 வைத்தால் ஒன்றுக்கு ஒன்றில் சுமார் 1 மி.மீ., ஒன்றுக்கு இரண்டாகப் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. ஆழம் வேண்டுமென்று எஃப் 22-க்கு மூடினால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். ஃபோகஸை மெல்ல நகர்த்தி இருபது, முப்பது படமெடுத்து ஒன்றாக அடுக்குவதுதான் வழி. கோடையில் இதற்கு எந்தப் பூச்சியும் அசையாமல் நிற்காது. குளிரில் உறைந்து கிடக்கும் பொறிவண்டு அரை மணி நேரம் கால்கூட அசைக்காது. மேக்ரோவில் பயில இதைவிட நல்ல பருவம் இல்லை என்பேன். தண்டு காற்றில் ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுத் துணி கிளிப்பால் கவ்விவிடுங்கள். ஃபிளாஷ் அடிப்பதானால் முன்னால் வெள்ளைத் துணியோ தாளோ வைத்து மென்மையாக்குங்கள், இல்லையென்றால் பொறிவண்டின் முதுகில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி விழும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தூங்கும் பூச்சியைக் கையில் எடுக்காதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் விழித்துக்கொள்ளும், வசந்தம்வரை வைத்திருந்த கொழுப்பை எரிக்கும், வெளியே தின்ன ஒன்றும் இருக்காது. மரக்கட்டையைப் புரட்டினால் இருந்த வாக்கிலேயே திருப்பி வையுங்கள். பட்டையை உரிக்கவே வேண்டாம், உரித்த பட்டை திரும்ப ஒட்டாது.

செடிகளுக்கு வருவோம். உறைபனிக் காலையை முதல் நாள் மாலையே கணிக்கலாம்: வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். மேகமில்லாத இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அதனால்தான் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதும் புல்லில் உறைபனி இருக்கும். மரத்தடியில் படியாது, திறந்த வெளியில் படியும். படமெடுக்க வேண்டிய செடி எங்கே நிற்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள். நம் மொழியில் காலை இலைமேல் நிற்கும் துளியும் பனி, மூடுபனியும் பனி, வானிலிருந்து விழும் வெண்துகளும் பனி; இதில் முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கும் அதே பெயர். படமெடுக்கிறவருக்கு இவை மூன்றும் வேறு வேறு வேலை. உறைபனியிலும் இரண்டு வகை. காற்றிலுள்ள ஆவி நேராகப் பனிக்கட்டியாகப் படிந்தால் ஊசி ஊசியாக, இறகுபோல் வளரும். உறைநிலைக்குக் கீழான மூடுபனித் துளிகள் மோதி உறைந்தால் காற்று வரும் பக்கம் மட்டும் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். முதலாவதுக்கு மேக்ரோ எடுங்கள். இரண்டாவது தூரத்திலிருந்து முழு மரமாகப் பார்த்தால்தான் அழகு.

வெயில் தொட்டபின் உங்களுக்கு இருப்பது பத்து, பதினைந்து நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் பொன். சூரியனை நோக்கி, செடியை நடுவில் வைத்து எடுங்கள். ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக எரியும். ஒரு சிலந்தி வலை முழுக்க வெள்ளைச் சரமாய் உறைந்திருந்த காலை எனக்கு நினைவிருக்கிறது. வலையின் நடுவில் ஃபோகஸ் சரியாகும்வரை மூச்சை அடக்கியிருந்தேன். சரியானதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். என் கண்ணெதிரே நடுச்சரம் ஈரமாகி, கனத்து, அறுந்து தொங்கியது. அதிலிருந்து கழுத்துச் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டுதான் குனிகிறேன், மூச்சைப் பக்கவாட்டில் விடுகிறேன்.

பூக்களே இல்லாத காலம் என்பதும் சரியில்லை. ஸ்னோடிராப் என்ற சின்னப் பூ நிலத்தோடு நிலமாகப் பூக்கும். குப்புறப் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. சுமார் 10 டிகிரி வந்தால்தான் அதன் வெளியிதழ்கள் விரியும், அதனால் வெயில் நாளின் மதியத்தில் போங்கள். விட்ச் ஹேசல் என்ற புதரின் நூல்போன்ற இதழ்கள் கடுங்குளிரில் சுருண்டுகொண்டு, வெப்பம் வந்ததும் நீளும். ஒரே கிளையை இரண்டு நாளில் எடுத்தால் இரண்டு பூ. ரோடோடென்ட்ரான் என்ற பச்சை மாறாத புதரின் இலைகள் உறைநிலைக்குக் கீழே போகப் போகத் தொங்கிச் சுருட்டுப்போல் சுருண்டுவிடும். இதையெல்லாம் தொடர்ச்சியாக எடுத்து வைக்கிறவர்கள் மிகக் குறைவு.

வெண்பனி விழுகிற ஊரென்றால், பனிப்பூவை ஒருமுறையாவது முயன்று பாருங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து 1885 ஜனவரி 15 அன்று முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5000-க்குமேல் எடுத்தார். விழும் பனியைக் கறுப்புப் பலகையில் பிடித்து, நல்லதைத் தேர்ந்து, இறகால் தட்டிச் சமனாக்குவார். நமக்கு வெளியிலேயே வைத்துக் குளிரூட்டிய கறுப்புக் கம்பளித் துணி போதும். அதன் மயிரில் படிகம் தூக்கி நிற்கும், அடியிலிருந்து உருகாது. மேகத்தின் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியை ஒட்டியிருந்தால் கிளைவிட்ட அறுகோண நட்சத்திரம் விழும், மைனஸ் 5-ஐ ஒட்டியிருந்தால் ஊசிதான் விழும். ஆகவே ஒரு நாள் நட்சத்திரம் கிடைக்காவிட்டால் உங்கள் தவறில்லை, மேகத்தின் தவறு.

கேமராவைப் பற்றி இரண்டே விஷயம். பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டை உள்பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் கொஞ்சம் ஓடும். இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போடுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கேமராவைத் திறந்தபடி உள்ளே கொண்டுவராதீர்கள், அறையின் ஈரம் அதன் உள்ளும் புறமும் வியர்க்கும். வெளியிலேயே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். வியர்வை பையின்மேல் படியும், லென்ஸில் படியாது.

இனி அந்தத் தண்டுகள். சுத்தம் செய்யத் தோன்றுவது இயல்பு, இலை உதிர்ந்த தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடப்பதுபோல் தெரியும். ஆனால் மேலே சொன்னதில் பாதி அந்தத் தண்டுகளில்தான் இருக்கிறது. விதைத்தலையில் பறவை கொத்தும், உறைபனி அதில்தான் அழகாகப் படியும், உள்ளே பொள்ளலான தண்டில் சின்னத் தேனீயின் குஞ்சுகள் வரிசையாகத் தூங்கும். தண்டில் எங்காவது பந்துபோல் வீங்கியிருந்தால் அதற்குள் ஒரு புழு இருக்கலாம். சுற்றிலும் படமெடுங்கள், பிளக்க வேண்டாம். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்குமேல் நிற்கத் தொடங்கியபின் வெட்டுங்கள். அப்போதும் அடியோடு வெட்டாமல் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள், வெட்டிய மேல்பகுதிகளை ஒரு மூலையில் குவித்துவையுங்கள். வெட்டுவாய் திறந்து நிற்கும் அந்தக் கட்டைகளில் ஒன்றுக்கு நேராகக் கோடை தொடங்கும்போது ட்ரைபாடை வைத்தால், மகரந்தத்தை வாரிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே நுழையும் தேனீயின் முகம் கிடைக்கும்.